நாகர்கோவிலுக்கு ஒரு சின்ன விமானத் தளம்: கேட்கலாமா, கூடாதா?

வெட்டுவெந்நிக்காரன்

ஊர் மார்த்தாண்டம் வெட்டுவெந்நி. பிழைப்பு அமெரிக்காவில், ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டியில். மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் இருக்கும் ஊர்; நாகர்கோவிலைவிட ஒரு பிடி பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரின் பெரிய விமான நிலையம் இந்த ஊரில் இல்லை, இந்த மாநிலத்திலேயே இல்லை. ஆற்றைத் தாண்டி கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. அதை முதலில் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. களியக்காவிளையைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போய் விமானம் ஏறுகிறவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் ஊருக்குள்ளேயே லங்கன் என்று ஒரு சின்ன விமான நிலையம் உண்டு. நானூறு பேரை ஏற்றும் விமானமெல்லாம் அங்கே வராது. நான்கு பேர் உட்காரும் செஸ்னா, முதலாளிமார்களின் சிறு ஜெட், பறக்கப் பழகும் பிள்ளைகள், ஹெலிகாப்டர், இவ்வளவுதான். தளத்தைச் சுற்றி உயர்ந்த கரை. கரைமேல் எட்டு கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறேன். 1925 டிசம்பர் 17 அன்று இந்தத் தளத்தில் எம்ப்ரி, ரிடில் என்ற இருவர் ஒரு சிறு பறத்தல் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரில்தான் இன்று புளோரிடாவில் விமானவியல் பல்கலைக்கழகம் ஒன்று நடக்கிறது.

கரைமேல் நடக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. நமக்கு ஏன் இப்படி ஒன்று கூடாது? போயிங் வேண்டாம், ஏர்பஸ் வேண்டாம். 1000 மீட்டர் ஓடுதளம், ஒரு கொட்டகை, காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் ஒரு காற்றுப்பை. நாகர்கோவிலுக்குத் தெற்கே பழையாற்றை ஒட்டிச் சமதரை அவ்வளவு கிடக்கிறதே. அரசுக்கு ஒரு மனு எழுதிக் கேட்டால் என்ன?

தேரூர் வயல்

"கிடக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அது கிடக்கவில்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் விளைந்துகொண்டிருக்கிறது. அதில் அறுத்த நெல்லைத் தின்றுதான் நான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

நான்குவழிச் சாலை வந்தபோதும் வரைபடத்தில் இப்படித்தான் சமதரையாகத் தெரிந்தது. பிறகு பார்த்தால் கோடு குளங்கள்மேல் போயிற்று. குளத்தில் மண்ணைக் கொட்டினால் அதை நம்பியிருந்த மடையும் ஓடையும் என்ன ஆகும் என்று கேட்ட எங்களை வளர்ச்சிக்கு எதிரி என்றார்கள். இன்னொரு தடவை அந்தப் பட்டத்தை வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

காற்றுப்பை

விமான நிலையங்களில் தகவல் தொடர்புப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயலா, தளமா என்ற சண்டைக்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

செஸ்னா 172 எழும்ப 1000 மீட்டர் தாராளம். முந்நூறு மீட்டர் ஓடினாலே சக்கரம் தரையை விட்டுவிடும். தரையில் தேவைப்படும் இடமும் அப்படியொன்றும் பெரிதல்ல. ஓடுதளத்தையும் இருபுறப் பட்டையையும் சேர்த்தால் இருபத்திரண்டு ஏக்கர், கொட்டகை, வண்டி நிறுத்துமிடம், வேலி எல்லாம் சேர்ந்தால் நாற்பதோ ஐம்பதோ.

சிக்கல் தரையில் இல்லை, ஆகாயத்தில். ஓடுதளத்தின் முனை தாண்டி அறுபது மீட்டரில் ஒரு சாய்தளம் தொடங்குகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்த அளவுத் தளத்துக்கு அது 25 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் உயர்ந்துகொண்டே போகும். அந்தச் சாய்தளத்துக்கு மேல் எதுவும் தலை நீட்டக்கூடாது. வளர்ந்த தென்னை 20 மீட்டர். ஆகவே முதல் தென்னை 560 மீட்டருக்கு அப்பால்தான் நிற்கலாம். இரண்டு முனைக்கும் சேர்த்தால் 1120. ஓடுதளம் 1000. மொத்தம் 2120 மீட்டர். நம் மாவட்டத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நேர்கோட்டில், ஒரு தென்னைகூட இல்லாத இடம் எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

பறளியாறு

கடலில்.

வெட்டுவெந்நிக்காரன்

தேரூர் அண்ணாச்சி, "கிடக்கிறது" என்று எழுதியது என் பிழை. மன்னிக்கவும்.

காற்றுப்பை சார், கணக்குக்கு நன்றி. அப்படியானால் ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே? காய்ந்த நிலம், தென்னை குறைவு, வயலும் இல்லை.

முப்பந்தல் ஊழியன்

தென்னை குறைவுதான். அதற்குப் பதில் எங்கள் காற்றாலைகள் நிற்கின்றன. புதிதாக நிறுத்தியவற்றில் இறக்கையின் நுனி நூறு மீட்டருக்கும் மேலே போகிறது. சாரின் சாய்தளக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அவை அங்கே நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று முழுவதும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாகத்தான் பிதுங்கி வருகிறது. நாங்கள் கோபுரத்தில் ஏறி வேலை செய்வதற்கே காற்றின் வேகத்தைப் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். ஆடி மாதத்தில் எத்தனையோ நாள் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். தேநீர்க் கோப்பையைக்கூடக் கையால் மூடிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி மணல்.

காற்றுப்பை

ஊழியன் தம்பி சொல்வது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பலமான காற்று நேர் எதிரே வந்தால் விமானத்துக்கு அது நண்பன். சீக்கிரம் எழும்பும், குறைந்த தூரத்தில் நிற்கும். பக்கவாட்டில் அடித்தால்தான் தொல்லை. செஸ்னா 172 இல் சோதித்துக் காட்டப்பட்ட பக்கக்காற்று மணிக்கு 28 கிலோமீட்டர் அளவுதான். ஓடுதளத்தைக் காற்றின் திசையிலேயே கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டால் பக்கக்காற்றுக்கு ஓரளவு பதில் சொல்லலாம். ஆனால் மலையில் மோதிச் சுழன்று வரும் காற்றுக்குத் திசையே கிடையாது. மேலே தூக்கும், அடுத்த நொடி கீழே போடும். பயிற்சி விமானத்தில் புதிதாகப் பழகும் பிள்ளையை அதில் விட எந்தப் பயிற்றுநரும் சம்மதிக்கமாட்டார்.

அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையம், கீழே கூடங்குளத்தில் அணுமின் நிலையம். அவற்றின் மேலே கண்டபடி வட்டமடிக்க விடமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பறளியாறு

எனக்கு ஒரு சந்தேகம் சார். இந்த நான்கு சீட் விமானத்தில் சென்னை போக எவ்வளவு நேரம்?

காற்றுப்பை

நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கழிப்பறை கிடையாது.

பறளியாறு

ரயிலே போதும்.

பைலட்டின் அம்மா

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மகள் இன்னும் பைலட் ஆகவில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படித்தாள். வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காக வட மாநிலம் ஒன்றில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். ஒன்றரை ஆண்டில் முடியும் என்றார்கள். விமானம் பழுது, பயிற்றுநர் வேலையை விட்டுப் போய்விட்டார், பனிமூட்டம் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம். மூன்றாவது ஆண்டு நடக்கிறது. கட்டிய பணத்தில் பார்வதிபுரத்தில் வீடு கட்டியிருக்கலாம். அதைவிட அவள் அங்கே அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்கள்தான் என் மனதை அறுக்கின்றன.

அதனால் வெட்டுவெந்நித் தம்பி கேட்டதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். பக்கத்தில் ஒரு தளம் இருந்திருந்தால் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பறந்துவிட்டு வந்திருப்பாள்.

காற்றுப்பை

அக்கா, உங்கள் மகள் முடித்துவிடுவாள். என் காலத்தில் இதைவிட மோசமாகக் காத்திருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். இன்று அவர்கள் கேப்டன்கள்.

ஆனால் பக்கத்தில் என்றால் இங்கே அல்ல. பயிற்சிக்குத் தெளிந்த வானம் வேண்டும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையும் நனைக்கும் மாவட்டம். வெறும் கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு ஆண்டில் பாதி நாள் இங்கே வேலை இருக்காது. மலை தாண்டிக் கரிசல் பக்கம் போனால் வானம் வேறு. கயத்தாறு அருகே இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது (இது உண்மையிலேயே கிடக்கிறது, தேரூர் அண்ணாச்சி கோபிக்க வேண்டாம்). சோழவரத்தில் அதே போர்க்காலத்து ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் விட்டார்கள். புதிதாக ஒரு சென்ட் நிலம் எடுக்குமுன் பழைய தளங்களைத் தூசு தட்டச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

சுசீந்திரம் தாணு

பழையாற்றுப் பக்கம் என்று தொடங்கியதால் சொல்கிறேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஐப்பசி பிறந்தால் வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும். கூழைக்கடா ஒன்று நல்ல கனம் இருக்கும், தெரியுமல்லவா? அது ஓடும் எஞ்சினில் மோதினால் பறவையும் போகும், விமானமும் போகும். அந்த இடத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

தேரூர் வயல்

தம்பி, நான் ஒன்று கேட்கிறேன். ஆற்றங்கரையில் இருக்கிறது, சுற்றி உயர்ந்த கரை இருக்கிறது என்று அந்த அமெரிக்கத் தளத்தைப் பற்றி எழுதினீர்கள். நடப்பதற்காக யாரும் எட்டு கிலோமீட்டருக்குக் கரை கட்டமாட்டார்கள். அந்தக் கரை எதற்கு?

வெட்டுவெந்நிக்காரன்

யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன் அண்ணாச்சி.

லங்கன் தளம் இருப்பது லிட்டில் மயாமி என்ற சிற்றாறு ஒஹையோவோடு சேரும் தாழ்நிலத்தில். அக்காலத்தில் அந்த ஊரில் விமானம் இறங்குகிற அளவுக்குச் சமதரை அதுதான், மற்றதெல்லாம் குன்று. ஆறு பரப்பி வைத்த மண்தானே சமமாக இருக்கும். 1937 ஜனவரியில் ஒஹையோ பெருகியது. சின்சினாட்டி அளவுகோலில் 52 அடி தாண்டினாலே வெள்ளம் என்பார்கள். அந்த மாதம் 80 அடியைத் தொட்டது. தளம் முழுவதும் தண்ணீருக்குள். விமான நிலையக் கட்டடத்தின் சுவரில் ஒரே ஒரு கறுப்புச் செங்கல் பதித்திருக்கிறார்கள், தண்ணீர் அதுவரை வந்தது என்று காட்ட. நான் கையை எவ்வளவு உயர்த்தினாலும் அதைத் தொட முடியாது. ஊர்க்காரர்கள் அந்தத் தளத்துக்கு "முங்கின லங்கன்" என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் எதுகையோடு இன்னும் நன்றாக இருக்கும்.

வெள்ளமும் பள்ளத்தாக்கின் மூடுபனியும் சேர்ந்து, பெரிய விமானக் கம்பெனிகள் மேட்டு நிலம் தேடி 1947 இல் கென்டக்கிக்குப் போய்விட்டன. அடுத்த மாநிலத்துக்கு விமான நிலையம் போன கதை அதுதான். லங்கன் சின்ன விமானங்களுக்கென்று தங்கிவிட்டது.

தேரூர் வயல்

அப்படி வாருங்கள்.

2021 நவம்பரில் பழையாறு ஊருக்குள் வந்ததை நீங்கள் அங்கிருந்து படத்தில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் முழங்காலில் பார்த்தோம். ரயிலே நின்றுபோன மழை. அந்தச் சமதரை ஆறு தனக்கென்று வைத்திருக்கும் முற்றம். ஆண்டு முழுக்க நமக்கு விட்டுக்கொடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. நெல் என்றால் ஒரு பூ போகும், அடுத்த பூவில் பார்த்துக்கொள்ளலாம். தார் போட்ட ஓடுதளத்துக்கு அடுத்த பூ உண்டா?

சுசீந்திரம் தாணு

அமெரிக்கா எதற்கு? 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அங்கே இரண்டாவது ஓடுதளம் அந்த ஆற்றின்மேல் பாலம் போட்டுத்தான் போகிறது. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகிக் கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடியது. வெள்ளக் காலத்தில் உதவும் என்று கட்டுகிறோம், வெள்ளம் வந்தால் முதலில் அதுதான் முங்குகிறது.

பறளியாறு

இரண்டு தடவையும் கைகொடுத்தது கடற்படையின் ஓடுதளம் என்பதையும் எழுதுங்கள். சென்னைக்கு அரக்கோணம், கொச்சிக்கு அதே ஊரின் கடற்படைத் தளம். பக்கத்திலேயே இன்னொரு தளம் இருந்ததால்தான் பிழைத்தார்கள். அதனால் தளமே வேண்டாம் என்று முடித்துவிட வேண்டாம். ஆற்றை விட்டுத் தள்ளி வைத்தால் போதும்.

இன்னொன்று. நமக்குத் தளம் இல்லை என்று அழுகிறோமே, திருவனந்தபுரம் யாருடையது? திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் கோதவர்ம ராஜா முன்நின்று உண்டாக்கியது. 1935 இல் டாட்டாவின் விமானம் பம்பாயிலிருந்து அங்கே வந்து இறங்கியபோது நாகர்கோவிலும் அதே ராஜ்யம்தான். 1956 இல் எல்லை மாறியது. விமான நிலையம் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. என் தாத்தாவுக்கு அது "நம்ம ஊர் ஏரோடிரோம்".

வெட்டுவெந்நிக்காரன்

அதோடு தூத்துக்குடி வாகைக்குளம். 1350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3115 ஆக்கிவிட்டார்கள். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. நாகர்கோவிலிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில். பயணிகளுக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டதும் பயணிகளுக்காக அல்ல. பழகுவதற்கு, அவசரத்துக்கு.

சின்னத்துறை

அவசரம் என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் தூத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கும். புயல் வருகிறது என்ற செய்தி வந்தபோது அவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லை. ஒரு வாரம் கழித்துக் குழித்துறை ரயில் நிலையத்தின் தண்டவாளத்தில் உட்கார்ந்து நாங்கள் கேட்டதும் இதைத்தான்: தேடுங்கள், ஹெலிகாப்டரை அனுப்புங்கள், தள்ளிப் போய்த் தேடுங்கள். என் சித்தப்பா மகன் அந்தப் படகுகள் ஒன்றில் இருந்தான். அவனைப் பற்றி வேறு எழுத இல்லை.

எங்களுக்கு வயல் இல்லை, தேரூர் அண்ணாச்சி. உங்கள் வயலைக் கேட்கவும் இல்லை. ஆனால் "விமானத் தளம் எதற்கு" என்று நீங்கள் எல்லாரும் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேரூர் வயல்

தம்பி, நான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. தெரியும் என்று நினைக்கிறேன்.

காற்றுப்பை

சின்னத்துறைத் தம்பிக்கு.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரிந்ததைச் சொல்கிறேன். ஆழ்கடலில் தேடுவது ஹெலிகாப்டரின் வேலை அல்ல. போகும் தூரமும் திரும்பும் தூரமும் எண்ணெயில் கணக்காகிவிடும். தேட நேரம் மிஞ்சாது. தொலைவில் தேட டோர்னியர் 228 போன்ற இரட்டை எஞ்சின் விமானம் வேண்டும், அல்லது கப்பல். டோர்னியருக்கு நீண்ட ஓடுதளம் வேண்டாம், 1000 மீட்டர் கொடுத்தால் சமாளித்துவிடும். அப்படிப் பார்த்தால் வெட்டுவெந்நியார் கேட்ட தளம் உங்களுக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் திருவனந்தபுரம் ஓடுதளம் உங்கள் ஊரிலிருந்து காகம் பறக்கும் தூரத்தில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. விமானத்துக்குப் பத்து நிமிடம். அன்று ஓடுதளம் குறைவாக இருந்ததால் உயிர் போகவில்லை. இதை ஓடுதளத்தை வைத்துப் பிழைத்த ஒருவன் சொல்கிறேன்.

குறைவு வேறு இடத்தில். கரைக்கு அருகே, பொழிமுகத்தில் படகு கவிழ்ந்தால், அல்லது கடலிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் வந்தால், எங்கே இறக்குவது? அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கடற்கரைச் சாலையில் ஆம்புலன்ஸ் நெளிந்து வர ஒரு மணி நேரம். கன்னியாகுமரியில் விருந்தினர் மாளிகைப் பக்கம் இறங்குதளம் இருக்கிறது. பெரிய மனிதர்கள் வரும் அன்று அதைப் பளிச்சென்று கழுவி வைப்பார்கள். மேற்குக் கடற்கரைக்கு ஒன்றும் மருத்துவமனைக்கு ஒன்றும் வேண்டும். 30 மீட்டருக்கு 30 மீட்டர் கெட்டித் தரை, இரவில் எரியும் விளக்கு, ஒரு காற்றுப்பை, தீயணைக்கும் ஏற்பாடு, தொலைபேசியை எடுக்க ஒரு ஆள். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கடினம். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவார்கள், ஆளுக்கு ஒதுக்கமாட்டார்கள்.

முப்பந்தல் ஊழியன்

விளக்கு என்றால் எங்கள் பிரிவில் சூரிய ஒளியில் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளைக் கையாள்கிறோம். உப்புக்காற்றில் எது தாங்கும், எது ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும் என்று சொல்ல முடியும்.

வெட்டுவெந்நிக்காரன்

மனுவை அப்படியே எழுதலாம். ஓடுதளம் என்ற சொல்லை நான் எடுத்துவிடுகிறேன். பைலட் அம்மாவுக்காகக் கயத்தாறு பற்றித் தனி மனு ஒன்று. இரண்டையும் கலந்தால் இரண்டும் போகும்.

அக்கா, உங்கள் மகளுக்கு விருப்பம் இருந்தால் மனுவின் தொழில்நுட்பப் பகுதியை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

பைலட்டின் அம்மா

சொல்லிவிட்டேன். "சாய்தளக் கணக்கு சரிதான், ஆனால் ஹெலிகாப்டருக்கு வேறு கணக்கு" என்று இப்போதே திருத்தத் தொடங்கிவிட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கும் நாளில் ஒன்று குறைந்தது.

காற்றுப்பை

நல்ல பிள்ளை. திருத்தட்டும்.

சின்னத்துறைத் தம்பி, உங்கள் பக்கம் பள்ளிக்கூட மைதானமோ சமுதாயக் கூடத்து முற்றமோ கெட்டித் தரையாக இருக்கிறதா? நீளம், அகலம், மின்கம்பி எந்தப் பக்கம், மரம் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து போட முடியுமா? கடலிலிருந்து வரும் பக்கம் திறந்திருக்க வேண்டும்.

சின்னத்துறை

மைதானம் இருக்கிறது. நாளை அளந்து போடுகிறேன். மின்கம்பி கிழக்கே, சாலையோரம். கடல் பக்கம் மூன்று தென்னை நிற்கிறது. இரண்டு பொது. ஒன்று எங்கள் வீட்டுத் தென்னை.

அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.